ஒலி ஒன்று, எழுத்து வேறு: குழப்பும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறியும் முறை

அலுவலகத்திற்குத் தாளும் பேனாவும் வாங்கித் தருமாறு ஆங்கிலத்தில் எழுதும் கடிதத்தில் ‘ஸ்டேஷனரி’ என்ற சொல்லின் ஓர் எழுத்து மாறிவிட்டால், அது எழுதுபொருளைக் குறிக்காமல் ‘அசையாமல் நிற்கின்ற’ என்று பொருள்படும். கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் அதன் கீழே சிவப்புக் கோடு இடாது. ஏனெனில் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். கைபேசியில் பேசித் தட்டச்சு செய்வோருக்கும் இதே சிக்கல் நேரலாம். கருவி ஒலியை மட்டுமே கேட்கிறது, இரண்டில் எதை எழுதுவது என்பதைச் சூழலை வைத்து ஊகிக்கிறது. போட்டித் தேர்வுகளின் பொது ஆங்கிலத் தாளில் இத்தகைய சொற்கள் தேடிப் பிடித்துக் கேட்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

இவற்றைக் கற்பிக்கும் கையேடுகள் பெரும்பாலும் நூறு, இருநூறு இணைகளை அட்டவணையாக்கித் தருகின்றன. இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனப்பாடம் செய்கிறவருக்கு, ஒரு வாரம் கழித்து இரண்டும் நினைவில் இருக்கும். எது எதற்குரியது என்பது மட்டும் நினைவில் இராது. ஆகவே பட்டியலை விட்டுவிட்டு, எந்த இணைக்கும் பயன்படக்கூடிய சில வழிகளை இங்கே விளக்குகிறேன். தமிழ் அறிந்தவர் என்பதே இதில் ஒரு வசதி. ஆங்கில எழுத்துகளை ‘ஏ’, ‘ஈ’, ‘ஐ’, ‘ஓ’ என்று அவற்றின் பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

எந்த வகைக் குழப்பம் என்று பாருங்கள்

ஒலிக்குழப்பம் எல்லாம் ஒரே வகை அல்ல. ஆங்கிலேயர் வாயிலேயே ஒலி வேறுபாடு சிறிதும் இல்லாத சொற்கள் உண்டு. சந்திப்பதைக் குறிக்கும் ‘மீட்’, இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’. இரவைக் குறிக்கும் ‘நைட்’, பழங்காலக் குதிரை வீரனைக் குறிக்கும் ‘நைட்’ ஆகியவை அத்தகையவை. இவற்றை ஹோமோஃபோன்கள் என்பர். ஒரு காலத்தில் இவை வேறு வேறு ஒலிகளாகவே இருந்தன. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. ஆனால் அதே நூற்றாண்டுகளில் நெட்டுயிர்களின் ஒலிப்பு தொடர்ந்து மாறிக்கொண்டே வந்தது. வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லின் முதலில் நிற்கும் ‘கே’ என்ற எழுத்தும் அன்று ஒலிக்கப்பட்டது. பேச்சு நகர்ந்துவிட, எழுத்து இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இந்த வகைச் சொற்களுக்குக் காதை நம்பிப் பயனில்லை. கண்ணும் பொருளுமே துணை.

மற்றொரு வகை, ஆங்கிலத்தில் தெளிவாக வேறுபட்டும் நம் காதில் ஒன்றாக விழும் சொற்கள். அரிசியைக் குறிக்கும் சொல்லையும் எழுவதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: இரண்டும் ‘ரைஸ்’ என்றே அமையும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே வடிவம் பெற்றால், உடனே ஓர் இணைய அகராதியில் ஒலிப்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஒலி வேறுபட்டால் அது காதுப் பயிற்சியால் தீரும் குழப்பம். வேறுபடாவிட்டால் எழுத்துப் பயிற்சி தேவைப்படும் குழப்பம்.

இடையில் ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் அச்சான பயிற்சி நூல்களில், தொட்டுக்கொள்ளும் ‘சாஸ்’ என்பதும் மூலத்தைக் குறிக்கும் ‘சோர்ஸ்’ என்பதும் ஒரே ஒலியுடையவை என்று காட்டப்பட்டிருக்கும். நீதிமன்றத்தின் ‘கோர்ட்’டும், பிடித்தான் என்று பொருள்படும் ‘காட்’டும் அப்படியே. தென் இங்கிலாந்தில் சொல்லிடையே உயிரொலி தொடராத ‘ஆர்’ ஒலிக்கப்படுவதில்லை என்பதால் அங்கே அவை ஒன்றாகிவிடுகின்றன. நாம் ரகரத்தை விடாமல் ஒலிக்கிறவர்கள் என்பதால் நமக்கு அவற்றில் குழப்பமே இல்லை. அந்தப் பக்கங்களைத் தயங்காமல் புரட்டிவிடலாம்.

தமிழ் உயிரெழுத்தைக் கொக்கியாக்குதல்

கைபேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் எழுதுகிறவர்கள் ஒன்றை அறிவார்கள்: ‘ஏ’ என்னும் எழுத்தைத் தட்டினால் ‘அ’ வரும், ‘ஈ’ என்பதைத் தட்டினால் ‘எ’ வரும், ‘ஐ’ என்பதைத் தட்டினால் ‘இ’ வரும், ‘ஓ’ என்பதைத் தட்டினால் ‘ஒ’ வரும். எழுத்தின் பெயரைக் கேட்டு ஏமாறாமல், அது திரையில் தரும் தமிழ் எழுத்தை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். குழப்பும் ஆங்கில இணைகளில் மிகப் பல, இந்த உயிரெழுத்துகளில் ஒன்று மாறுவதால் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த எழுத்து தரும் தமிழ் உயிரிலேயே தொடங்கும் ஒரு தமிழ்ப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டால், பொருளும் எழுத்தும் ஒன்றாகவே நினைவில் தங்கும். நினைவைப் பிடித்து நிறுத்தும் அந்தத் தமிழ்ச் சொல்லையே ‘கொக்கி’ என்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன ‘ஸ்டேஷனரி’யையே எடுத்துக்கொள்வோம். கடைசிக்கு இரண்டு எழுத்து முன்னே ‘ஏ’ வந்தால் ‘அசையாத’ என்று பொருள். ‘ஏ’ தருவது ‘அ’. அதே இடத்தில் ‘ஈ’ வந்தால் ‘எழுதுபொருள்’. ‘ஈ’ தருவது ‘எ’. இவை இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இடைக்கால இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சென்று விற்கும் வணிகர்கள் பலர் இருந்தபோது, ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகமும் தாளும் விற்றவர் ‘ஸ்டேஷனர்’ எனப்பட்டார். அவர்களின் லண்டன் சங்கம் 1557இல் அரச பட்டயம் பெற்றது. அசையாமல் இருந்தவர் விற்ற பொருளே எழுதுபொருள் என்றறியும்போது, இரண்டு சொற்களும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது விளங்குகிறது.

‘ப்ரின்சிபல்’ என்பதும் பலரை மயக்கும் சொல். ‘ஏ, எல்’ என்று முடிந்தால் அது ‘அதிபர்’. இலங்கையில் பாடசாலைத் தலைவருக்கு அந்தப் பெயரே வழங்குகிறது. தமிழகத்தில் கல்லூரி முதல்வர் என்போம். வங்கிக் கடனில் வட்டிக்கு எதிராக நிற்கும் ‘அசல்’ தொகைக்கும் இதே சொல், இதே எழுத்து. அதிபர், அசல் ஆகிய இரண்டும் ‘அ’வில் தொடங்குவதால் ‘ஏ’. இவற்றை விட்டால் எஞ்சுவது ‘எல், ஈ’ என்று முடியும் சொல்; அது நெறி, கோட்பாடு என்று பொருள்படும். அதற்குத் தனிக் கொக்கி தேவையில்லை. ஒன்று உறுதியானால் மற்றது தானே உறுதியாகும்.

‘காம்ப்ளிமென்ட்’ இணையில் இந்த முறை இன்னும் அழகாகப் பொருந்துகிறது. நடுவில் ‘ஐ’ வந்தால் ‘இன்சொல்’, அதாவது பாராட்டு. ‘ஈ’ வந்தால் ‘எஞ்சியதை நிரப்புவது’. திருமண அழைப்பிதழ்களிலும் விழா மலர் விளம்பரங்களிலும் ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம்’ என்று அச்சிடுகிறார்களே, அது இன்சொல், எனவே ‘ஐ’. விருந்தினருக்கு விடுதிகள் கட்டணமின்றித் தரும் காலைச் சிற்றுண்டிக்கு அடையாக வரும் ‘காம்ப்ளிமென்டரி’யும் மரியாதையின் பொருட்டுத் தருவது என்பதால் ‘ஐ’ பெறும். இட்லியும் சட்னியும் ஒன்றையொன்று நிறைவாக்குகின்றன என்று எழுத வேண்டுமானால்தான் ‘ஈ’ வர வேண்டும். உணவு விடுதிகளின் விளம்பரப் பலகைகளைப் படிக்கும்போது இந்த ஓர் எழுத்தைக் கவனித்துப் பாருங்கள், சிரிக்கக் கிடைக்கும்.

ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும் ‘அக்செப்ட்’ என்பதற்கு ‘அங்கீகரித்தல்’. தவிர என்று பொருள்படும் ‘எக்செப்ட்’ என்பதற்கு ‘எடுத்துவிட்டு’. இந்த இரண்டாம் கொக்கி வெறும் நினைவுத் தந்திரம் அன்று. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கே ‘வெளியே எடுத்தல்’ என்றுதான் பொருள். இது போலவே ‘அடாப்ட்’ என்பதில் நடுவில் ‘ஏ’ வந்தால் ‘அனுசரித்துக்கொள்ளுதல்’. ‘ஓ’ வந்தால் ‘ஒன்றைத் தனதாக்கிக்கொள்ளுதல்’, குழந்தையைத் தத்தெடுப்பது உட்பட.

‘ஈ’யும் ‘ஐ’யும் சொல்லின் முதலிலேயே மோதும் இணைகளுக்கும் வழி இதுதான். ‘எமினென்ட்’ என்றால் ‘எல்லோரும் அறிந்த’ பெரியவர். ‘இம்மினென்ட்’ என்றால் ‘இதோ’ வந்துவிட்டது என்னும் நிலை. ‘எலிசிட்’ என்பது ஒருவரிடமிருந்து விடையையோ தகவலையோ ‘எடுத்தல்’. ‘இல்லிசிட்’ என்பது ‘இசைவில்லாத’து. நாட்டைவிட்டு ‘எழுந்து போனவர்’ எமிக்ரன்ட். ‘இங்கே வந்தவர்’ இம்மிக்ரன்ட். சாலை விபத்துக்கு ‘இழப்பீடு’ பெறச் செய்துகொள்வது ‘இன்ஷூர்’. ஒரு வேலை ‘எப்படியும்’ நடந்தேறுமாறு பார்த்துக்கொள்வது ‘என்ஷூர்’. பிறரை நம்பி வாழும் ‘ஆளை’க் குறிக்கும் பெயர்ச்சொல்லாக ‘டிபென்டன்ட்’ வரும்போது பிரிட்டன் வழக்கில் ‘ஏ’ எழுதுவார்கள். சார்ந்திருக்கிற என்னும் அடைமொழியாக வந்தால் ‘ஈ’. அமெரிக்கர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘ஈ’யே எழுதுகிறார்கள்.

எல்லாரையும் அலைக்கழிக்கும் ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ இணையைக் கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம், அதில் கொக்கி பாதித் தூரமே கைகொடுக்கும் என்பதுதான். ‘ஏ’யில் தொடங்குவது பெரும்பாலும் வினை: ஒன்றை ‘அசைத்துப் பார்த்தல்’, பாதித்தல். ‘ஈ’யில் தொடங்குவது பெரும்பாலும் பெயர்: ‘எதிர்விளைவு’. மழை ஆட்டத்தைப் பாதித்தது என்றால் ‘ஏ’. மழையின் விளைவு என்றால் ‘ஈ’. அரசாணைகளில் வரும் ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ என்ற தொடரில் ‘ஈ’. ஆனால் ‘ஈ’யில் தொடங்கும் சொல் வினையாகவும் வருவதுண்டு, அப்போது அதன் பொருள் பாதித்தல் அன்று, நிகழச் செய்தல். ஒரு மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதற்கு ‘எஃபெக்டட் எ சேஞ்ச்’ என எழுதுவர். இங்கே ‘ஏ’ போட்டால், ஏற்கெனவே இருந்த ஒரு மாற்றத்தைப் பாதித்தார்கள் என்று பொருள் புரண்டுவிடும். உளவியலில் ‘ஏ’யில் தொடங்குவது உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகவும் வரும், அத்துறையினர் அல்லாதார் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

உயிரெழுத்துக் கொக்கி பொருந்தாத சொற்களும் உள்ளன. ‘டிஸ்க்ரீட்’ என்பதில் இரண்டு ‘ஈ’க்கள் அருகருகே நின்றால் அடக்கமாக, பிறர் அறியாமல் நடந்துகொள்ளுதல், நடுவே ‘டி’ புகுந்து அந்த இரண்டையும் பிரித்துவிட்டால் ‘தனித்தனியான’ என்று பொருள். கல்லூரிக் கணிதத்தில் வரும் டிஸ்க்ரீட் இந்த இரண்டாவது சொல்தான். எழுத்தின் வடிவமே பொருளைக் காட்டுவதால் இதற்கு வேறு உதவி தேவையில்லை.

பெயரா, வினையா

‘சி’யும் ‘எஸ்’ஸும் மாறி வரும் ஒரு சிறு குழு உண்டு. அறிவுரை என்னும் பெயரான ‘அட்வைஸ்’ ‘சி’ பெறும். அறிவுரை கூறு என்னும் வினை ‘எஸ்’ பெறும். கருவி என்னும் ‘டிவைஸ்’ ‘சி’. திட்டமிட்டு உருவாக்கு என்னும் வினை ‘எஸ்’. பழக்கம், பயிற்சி என்னும் ‘ப்ராக்டிஸ்’ ‘சி’. பயிற்சி செய் என்பது ‘எஸ்’. தமிழ் வாக்கியத்தில் பெயர் முன்னும் வினை பின்னும் வருவது இயல்பு. ஆங்கில நெடுங்கணக்கிலும் ‘சி’ முன்னும் ‘எஸ்’ பின்னும் வருகின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

இவற்றுள் ‘ப்ராக்டிஸ்’, ‘லைசென்ஸ்’ ஆகிய இரண்டிலும் ஒலி மாறுவதில்லை; எழுத்து மட்டுமே மாறும், அதுவும் பிரிட்டன் வழக்கில் மட்டும். இந்தியச் சட்டங்கள் அந்த வழக்கையே பின்பற்றுவதால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘டிரைவிங் லைசென்ஸ்’ என்பது ‘சி’ பெற்றே வருகிறது. அமெரிக்கர்கள் ‘லைசென்ஸ்’ என்பதைப் பெயரானாலும் வினையானாலும் ‘எஸ்’ இட்டும், ‘ப்ராக்டிஸ்’ என்பதை இரண்டு நிலையிலும் ‘சி’ இட்டும் எழுதுவார்கள். எந்த நாட்டு வழக்கையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

நம் ஊர் அலுவலக ஆங்கிலத்தில் ‘கைண்ட்லி அட்வைஸ்’ என்று எழுதும் இடத்தில் ‘சி’ போடுவது மிகப் பரவலான பிழை. அங்கே அறிவுரை கூறுமாறு வேண்டுகிறோம். ஆகவே அது வினை, ‘எஸ்’ வர வேண்டும். இன்னொன்று, பெயரான ‘அட்வைஸ்’ ஆங்கிலத்தில் பன்மை ஏற்காது. ‘எஸ்’ இட்டு ‘அட்வைசஸ்’ என்று எழுதினால் அது ‘அவர் அறிவுரை கூறுகிறார்’ என்னும் வினைமுற்றாகவே படிக்கப்படும்.

காதுக்குப் பயிற்சி

‘அட்வைஸ்’ இணையில் ஆங்கிலேயர் ஒலி வேறுபாடு காட்டுகிறார்கள். பெயரின் இறுதியில் வருவது நம் ‘ஸ்’; வினையின் இறுதியில் வருவது தமிழில் எழுத்தே இல்லாத, வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓர் ஒலி. விரல்களைத் தொண்டையின்மேல் வைத்து ‘ஸ்ஸ்’ என்று சொன்னால் அதிர்வு இராது. ரீங்கார ஒலியைச் சொன்னால் விரலில் அதிர்வு தெரியும். விலை, பரிசு ஆகியவற்றைக் குறிக்கும் ‘ப்ரைஸ்’ இணையும், பனிக்கட்டி, கண்கள் ஆகியவற்றைக் குறிக்கும் ‘ஐஸ்’ இணையும், தளர்வான, இழத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் ‘லூஸ்’ இணையும் இந்த ஒரே வேறுபாட்டில் நிற்கின்றன. கடைசி இணையில், நாம் அன்றாடம் ‘போல்ட் லூசாக இருக்கிறது’ என்று சொல்லும் சொல்தான் இரண்டு ‘ஓ’ உடையது. இழத்தல் என்பது ஓர் ‘ஓ’வை இழந்து நிற்கும்.

ரீங்கார ஒலியைக் கேட்டறிவது கடினமாக இருந்தால் ஒரு மாற்று வழி உண்டு. ஆங்கிலத்தில் சொல்லின் இறுதி மெய் அதிர்வுடையதாக இருந்தால் அதற்கு முன்னுள்ள உயிர் சற்று நீண்டு ஒலிக்கும். அதிர்வில்லாததாக இருந்தால் சட்டென்று முடியும். எனவே விலையைக் குறிக்கும் ‘ப்ரைஸ்’ குறுகியும், பரிசைக் குறிக்கும் ‘ப்ரைஸ்’ நீண்டும் கேட்கும். குறிலையும் நெடிலையும் பிறந்தது முதல் பிரித்துப் பழகிய காது நம்முடையது. மெய்யைக் கேட்க முயல்வதை விட்டுவிட்டு உயிரின் அளவைக் கேளுங்கள்; இரண்டும் பிரிந்து தெரியும். கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ ஆகியவற்றில் வேறு சில மொழியினர் திணறும்போது நாம் திணறாமல் இருப்பதற்கும் இந்தக் குறில்நெடில் பழக்கமே காரணம்.

‘வி’, ‘டபிள்யு’ ஆகிய இரண்டையும் நாம் வகரத்தாலேயே எழுதுகிறோம். வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. ஆங்கிலத்தின் ‘வி’ பிறப்பது அப்படியேதான். ‘டபிள்யு’வுக்குப் பல்லை முற்றிலும் விலக்கி, ‘உ’ சொல்வதற்குப் போல இதழைக் குவித்துத் தொடங்க வேண்டும். மேற்குத் திசையான ‘வெஸ்ட்’ டபிள்யு. உள்ளாடையான ‘வெஸ்ட்’ வி. இவ்வாறே ‘ஃப’ ஒலிக்கும் பல் இதழைத் தொட வேண்டும். ‘ப’வுக்கு இதழோடு இதழ் போதும்.

அழுத்தம் மாறுவதால் பொருள் மாறும் சொற்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. சொந்த விஷயம் என்னும் ‘பெர்சனல்’ முதலசையில் அழுத்தம் பெறும். பணியாளர்களைக் குறிக்கும் ‘பெர்சனெல்’ கடைசி அசையில் பெறும், ‘என்’ என்னும் எழுத்தும் அதில் இரட்டிக்கும். பாலைவனத்தைக் குறிக்கும் ‘டெசர்ட்’ முதலசையில் அழுத்தம் பெறும்; உணவுக்குப் பின் வரும் இனிப்பைக் குறிக்கும் ‘டெசர்ட்’ இரண்டாம் அசையில் பெறும்.

ஒருபொருட் சொல்லை மாற்றி வைத்துப் பார்த்தல்

இணைச்சொற்களோடு ஒருபொருட் சொற்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது வழக்கம். ஆனால் அது எதற்கு என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஒருபொருட் சொல் என்பது சோதனைக் கருவி. எழுதிய வாக்கியத்தில் ஐயத்துக்குரிய சொல்லை நீக்கிவிட்டு, அதே பொருளுடைய வேறொரு சொல்லை அந்த இடத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். வாக்கியம் நின்றால் சொல் சரி. தடுமாறினால் மற்றதே சரி.

‘ப்ரின்சிபல்’ இருக்கும் இடத்தில் ‘மெயின்’ அல்லது ‘சீஃப்’ பொருந்தினால் ‘ஏ, எல்’. ‘ரூல்’ பொருந்தினால் ‘எல், ஈ’. ‘காம்ப்ளிமென்ட்’ இருக்கும் இடத்தில் ‘ப்ரெய்ஸ்’ பொருந்தினால் ‘ஐ’. ‘கம்ப்ளீட்’ என்பதன் சாயல் பொருந்தினால் ‘ஈ’. ‘டிஸ்க்ரீட்’ இருக்கும் இடத்தில் ‘செபரேட்’ பொருந்தினால் நடுவில் ‘டி’. ‘இட்ஸ்’ என்பதில் அப்பாஸ்ட்ரஃபி வேண்டுமா என்ற ஐயத்துக்கு ‘இட் இஸ்’ என்று விரித்துப் படித்தால் போதும், பொருந்தினால் இடலாம். ‘தேர்’ என்பதில் குழம்பினால் ‘அவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை, அதாவது ‘நம்முடைய’ என்பதை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அது உடைமையைக் குறிக்கும் ‘தேர்’.

இந்தச் சோதனைக்குச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ‘அஃபெக்ட்’ என்பதற்கு ‘இன்ஃப்ளுயன்ஸ்’, ‘இம்பாக்ட்’ என்று பொருள் எழுதி வைத்திருப்பவர்கள் பலர். அவை பொருளில் தவறில்லை. ஆனால் இரண்டும் ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் வருவதால் ‘எஃபெக்ட்’ வர வேண்டிய இடத்திலும் சிக்கலின்றிப் பொருந்திவிடும். பிரித்துக் காட்டாத சொல்லைச் சோதனைக்கு வைத்து என்ன பயன்? வினையாக மட்டுமே வரும் ‘ஆல்டர்’ என்பதையும் பெயராக மட்டுமே வரும் ‘அவுட்கம்’ என்பதையும் வைத்துப் பாருங்கள். ‘தி ரெயின் ஆல்டர்ட் தி மேட்ச்’ என்பது நிற்கிறது. ‘தி ரெயின் அவுட்கம் தி மேட்ச்’ என்பது நிற்கவில்லை. ஆகவே ‘ஏ’. ஒவ்வொரு இணைக்கும் இவ்வாறு ஒரே சொல்வகையில் மட்டும் நிற்கும் சோதனைச் சொல்லைத் தேடி வைத்துக்கொள்வதுதான் ஒருபொருட் சொற்களைப் படிப்பதன் பெரும்பயன்.

சோதனைக்குப் பயன்பட்டதாலேயே அந்தச் சொல்லை வாக்கியத்தில் விட்டுவைக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருபொருட் சொற்கள் அரிதாகவே முற்றிலும் ஒத்த பொருளுடையவை. ‘இல்லிசிட்’ என்பதும் ‘இல்லீகல்’ என்பதும் சட்டத்துக்குப் புறம்பானவை என்றே பொருள்படும். கள்ளச்சாராயச் செய்திகளில் ஆங்கில நாளிதழ்கள் ‘இல்லிசிட் அரேக்’ என்று எழுதுவது நமக்குப் பழக்கம். மறைவாக நடப்பது, ஊர் ஒப்பாதது என்னும் நிழல் அந்தச் சொல்லில் உண்டு. நடுச்சாலையில் வண்டியை நிறுத்தியவரைச் சொல்ல ‘இல்லீகல் பார்க்கிங்’ என்பார்களே அன்றி முன்னதைச் சொல்ல மாட்டார்கள். ‘இம்மினென்ட்’ என்பதற்கும் ஒரு நிழல் உண்டு. நெருங்கி வரும் ஆபத்து, புயல், தோல்வி ஆகியவற்றோடு அது மிக இயல்பாகச் சேரும். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் தங்கையின் திருமணத்துக்கு அதை அடையாக்கினால் படிப்பவர் புருவத்தை உயர்த்துவார்.

பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட ஒருபொருட் சொற்களஞ்சியம் முதலாக, அத்தகைய நூல்கள் பெரும்பாலும் சொற்களைக் குவித்துத் தருகின்றனவே தவிர, அவற்றிடையே உள்ள வேற்றுமையை விளக்குவதில்லை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களும் அப்படித்தான். அவற்றில் ஒரு சொல்லைக் கண்டெடுத்த பிறகு, மாணவர்க்கான நல்ல ஆங்கில அகராதியில் அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இரண்டையாவது படித்துவிட வேண்டும். ஆங்கிலம்–தமிழ் அகராதி பொருளைத் தரும். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதைப் பெரும்பாலும் ஆங்கிலம்–ஆங்கில அகராதிதான் காட்டும்.

குறிப்பேடும் சரிபார்ப்பும்

குறிப்பேட்டில் ஓர் இணையின் இரண்டு சொற்களையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். முதற் சொல்லை இன்று ஒரு பக்கத்தில், கொக்கியோடும் சோதனைச் சொல்லோடும் நீங்களே அமைத்த ஒரு வாக்கியத்தோடும் எழுதுங்கள். அது கைவந்த பிறகு, சில நாள் கழித்து இரண்டாவதை வேறொரு பக்கத்தில் எழுதுங்கள். வாக்கியம் உங்கள் வாழ்க்கையிலிருந்து வரட்டும். வங்கியில் கடன் வாங்கியவருக்கு ‘ப்ரின்சிபல்’ தொகை மறக்காது. புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை அப்படியே படியெடுப்பதால் கை மட்டுமே வலிக்கும்.

ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதும் பழைய முறையும் நல்ல பயன் தரும்; ஆனால் தனிச் சொற்களாகச் சொல்லக் கூடாது, முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ‘மீட்’ என்று மட்டும் சொன்னால் எந்த மீட் என்று எவராலும் சொல்ல முடியாது. ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளின் கேட்டல் பகுதியில் எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் போய்விடும் என்பதால், அதற்குத் தயாராகிறவர்கள் இதைத் தவிர்க்காமல் செய்வது நல்லது.

முக்கியமான கடிதத்தையோ விண்ணப்பத்தையோ எழுதி முடித்த பின், பிழைதிருத்தி ஒன்றும் காட்டவில்லை என்று அனுப்பிவிடாமல், உங்களுக்கு வழக்கமாகச் சறுக்கும் ஐந்தாறு சொற்களைத் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாக இட்டு, அவை வரும் வாக்கியங்களை மட்டும் நிறுத்திப் படியுங்கள். தேடும்போது இணையின் இரண்டு எழுத்துவடிவங்களையும் இட்டுத் தேட வேண்டும். பிழையான வடிவம் எது என்பது அந்த வாக்கியத்தைப் படித்த பிறகே தெரியும்.